இணைச்சீருக்குப் பதில் ஒரு கேமரா

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையிலிருந்து தூறல். பாலக்காட்டுக் காற்று. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம்.

கேமரா செத்துவிட்டது. ஷட்டர். ஒன்பது வருடம் உழைத்தது. காந்திபுரம் சர்வீஸ்காரர் கழற்றிப் பார்த்தார், மறுபடி மூடிக் கையில் கொடுத்தார். "இதுக்கு பார்ட்ஸ் வர்றதில்லீங்க. இனி அலமாரில வெச்சு அழகு பாத்துக்குங்க." சிரித்துக்கொண்டே. அவருக்கென்ன.

பம்பு கேட்டலாக்கில் பதினோரு மாடல் பாக்கி. எல்லாம் நீலப் பெயின்ட், விளக்கைப் போட்டால் என் மூஞ்சியே அதில் தெரியும். அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றிலும் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்தித்தான் எடுப்பேன். வேட்டி இருக்கிறது. கேமராதான் இல்லை.

செய்ய வேண்டியவை:
– வாடகைக்குக் கேமரா, திங்கள் வரை
– கேஸ் புக் பண்ண
– தையல்காரம்மாவிடம் ரவிக்கை. அரக்குப் பட்டுக்கு. கையில் மணி வேலை வேண்டாம் என்று சொல்ல
– அம்மாவுக்கு போன்

தம்பி கார்த்தி கல்யாணத்துக்கு இன்னும் பதினாலு நாள். அரக்குப் பட்டு இணைச்சீருக்கு, மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்யும் சீர். மணி வேலை இருக்கட்டும், பரவாயில்லை. வாழ்க்கையில் ஒரு தடவைதானே.

ஆகஸ்ட் 23, சனி

காந்திபுரம் கேமராக் கடை. கூட்டம். டவுன்பஸ்ஸில் ஒரு அம்மா போனில்: "அவ வந்தா நா வரமாட்டேனுங்க, சொல்லிப்போட்டேன்." யார் கல்யாணமோ.

இரண்டு கேமரா கையில் வாங்கிப் பார்த்தேன்.

பெரியது. மிரர்லெஸ். லென்சோடு ஒன்றரைக் கிலோ. கடையின் இருட்டு மூலையில் தொங்கிய பையை எடுத்தேன், ஜிப்பின் பல் ஒவ்வொன்றும் தெரிகிறது. ஷட்டருக்குச் சத்தமே இல்லை. எழுபது மில்லிமீட்டருக்கு மேல் லென்ஸ் நீளாது, எதை எடுப்பதானாலும் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கை வலிக்கும். வலிக்கட்டும்.

சின்னது. கைப்பைக்குள் போய்விடும். லென்ஸ் கழற்ற முடியாது, ஆனால் 24-லிருந்து 700-க்கு மேல் இழுக்கிறது. எதிர்க்கடை போர்டில் எழுத்துப்பிழை தெரிந்தது. உள்ளே சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு. வெளிச்சம் குறைந்தால் படம் ரவை உப்புமா.

கடைக்காரர்: "மேடம், இது தொழில் பண்றவங்களுக்கு. இது டூர் போறவங்களுக்கு. நீங்க எதுங்க?"

தொழில்தான் என்றேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

பெரியதைத் திருப்பிக் கொடுக்க மனசே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மாவும் தம்பி கா.வும் வந்தார்கள். சொல்லாமல். எனக்குச் சந்தோஷம். முட்டாள்.

"இளைச்சுப்போட்டியே கண்ணு" என்றாள் அம்மா. ஐந்து வருடமாக இதே வாக்கியம், ஐந்து வருடமாக நான் குண்டாகிக்கொண்டிருக்கிறேன்.

கா. உட்காரக்கூட இல்லை. "கேமரா போச்சாமா? எதுக்குக்கா யோசிக்கற? நெம்ப நல்லதா, பெருசா ஒண்ணு வாங்கிக்க. நான் வாங்கித் தர்றேன்."

சென்சார் எவ்வளவு பெரியது, இருட்டில் எப்படி எடுக்கிறது என்று கை ஆட்டி ஆட்டி அவனுக்கு விளக்கினேன். பத்து நிமிடம். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அப்போதே தெரிந்திருக்க வேண்டும், அவன் எதையும் அவ்வளவு நேரம் கேட்கிறவன் இல்லை.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பறம் கண்ணு. இணைச்சீருக்கு நிவேதாவச் சொல்லிப்போட்டோம்."

நிவேதா பெரியப்பா மகள். திருப்பூரில் கொடுத்திருக்கிறது.

"புருசனோட இருக்கற புள்ளையா இருந்தாத்தான் ஆகுமுன்னு அருமைக்காரரு சொல்றாரு. உன்ற பெரியப்பனும் அதையேதான் சொல்றாங்க. நாளைக்கு வர்ற புள்ளைக்கு ஒண்ணுன்னா நம்மளத்தான் பேசுவாங்க."

சீர் நடத்தி வைக்கும் அருமைக்காரருக்கு என்னைத் தெரியாது. நான் பிரிந்து வந்தது மட்டும் தெரியும்.

"நான்தானுங்கம்மா அவனுக்குக் கூடப்பிறந்தவ" என்றேன்.

"யாரு இல்லைன்னா? நீ போட்டோ எடு கண்ணு. ஒரம்பரை சொந்தபந்தம் எல்லாம் உன்ற கேமராவத்தான் பாப்பாங்க. சீருக்குக் குடுக்கறத உனக்குக் கேமராவா குடுத்தர்றோம். சேலை கட்டுனா நாலு நாளு, கேமரா காலத்துக்கும் ஆச்சு."

ஆக, விலை பேசி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார்கள்.

"நிவேதாவுக்குச் சேலை எடுத்தாச்சுங்களா?"

"போன வாரமே எடுத்துப்போட்டோம்."

கா. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. பெரியவங்க பேசறாங்க... உனக்கு எது வேணுமோ அதையே வாங்கிக்க."

எனக்கு எது வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

ரவிக்கை தயார் என்று தையல்காரம்மா போன். மணி வேலை அழகாக வந்திருக்கிறதாம்.

வாடகைக் கேமராவில் நாலு பம்பு எடுத்தேன். நாலும் குப்பை.

கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கக்கத்தில், மறுமுனை கூடப்பிறந்தவள் கையில். தாலி கட்டும் முன்னால் நீ எனக்கு உண்டு, நான் உனக்கு உண்டு என்று ஊர் பார்க்க நிற்பது. பத்து நிமிடம். அவ்வளவுதான் சீர். கா.வுக்கு ஆறு வயதில் சித்தப்பா கல்யாணத்தில் பார்த்துவிட்டு வந்து, என் துப்பட்டாவின் ஒரு முனையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க என்னை இழுத்துக்கொண்டு திரிந்தான். சோறு ஊட்டும்போதும் விடவில்லை. அம்மாவுக்கு இது ஞாபகம் இருக்கும். இருந்தும்.

நான் அந்த ஆளை விட்டு வந்ததில் இன்றுவரை எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக, இன்னும் ரெண்டு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. ஏழு வருடம் கழித்து. ரெண்டு மாசமாம். இந்தச் சீர் வரை இருக்க ஏழு வருடம் வேண்டும். அப்படித் தோன்ற வைத்ததற்காகவே இவர்களை மன்னிக்க முடியாது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. சிங்காநல்லூர் ரோடு முழுக்கக் களிமண் பிள்ளையார். ஒன்று வாங்கினேன். தும்பிக்கை விரிசல், ஒட்டினேன். கொழுக்கட்டை செய்யவில்லை. யாருக்கு.

கா.விடமிருந்து ஒரு கேமரா வீடியோ. "இதானேக்கா?" இதேதான். இரண்டு தடவை பார்த்தேன். அவனுக்குப் பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

வெயில். பம்பு கம்பெனி மேனேஜர் காலையிலேயே போன். "ஏனுங்க மேடம், புது கேமரா வந்தாச்சுங்களா? அடுத்தது எக்சிபிஷனுக்கு ஆள் உசரத்துக்குப் போர்டு வெக்கறமுங்க. பெருசு பண்ணுனா படம் ஒடையாம இருக்கணும். முடியலைன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆளுகிட்டக் குடுத்தர்றோம்." மரியாதையாகத்தான் சொன்னார். இந்த ஊரில் எல்லாம் மரியாதையாகத்தான் நடக்கும்.

பெரியது வாங்கினால்: போர்டு வேலை நிற்கும். அடுத்த ஐந்து வருடம் கவலையில்லை. ஒவ்வொரு தடவை கழுத்தில் மாட்டும்போதும் நிவேதா ஞாபகம் வரும்.

சின்னது வாங்கினால்: போர்டு வேலை போகும். குழந்தை பிறந்தநாள், ஸ்கூல் ஆண்டுவிழா என்று ஓட்ட வேண்டும். ஆனால் என் கையால் வாங்கியது. யாரும் எனக்கு ஒன்றும் கொடுத்து முடிக்கவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனேன். கடைக்காரர் சின்னதை இழுத்துக் காட்டினார். "கல்யாணத்துல கடைசி வரிசைல உக்காந்துட்டே மேடைல தாலியப் பாக்கலாமுங்க. ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல."

அதையே கொடுங்கள் என்றேன்.

கா.வுக்கு மெசேஜ்: கேமரா வாங்கியாச்சு, நானே வாங்கிக்கொண்டேன், நீ வாங்க வேண்டாம். நீல டிக் விழுந்தது. பதில் கட்டைவிரல் படம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ரவிக்கை வாங்கி வந்தேன். வேறு எதற்கு ஆகும். மணி வேலை அழகுதான்.

சிங்காநல்லூர்க் குளம். குளத்து நடுத்திட்டில் கூழைக்கடா. கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி, கேமராவில் அதன் கண்ணோரத்து மஞ்சள் வரை தெரிகிறது. அரை மணி நேரம் எல்லாம் மறந்திருந்தேன். பக்கத்தில் வாக்கிங் வந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "அட, பக்கத்துல போய் எடுத்தாப்புலயே இருக்குதுங்" என்றார்.

வீட்டுக்கு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிள்ளையாரை எடுத்தேன். ரவை உப்புமா. இணைச்சீர் விடியும் முன்னால், வெளிச்சம் இருக்காது. தெரிந்தேதான் வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

போர்டு வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. "தப்பா நெனச்சுக்காதீங்க." நினைக்கவில்லை. மேனேஜர் மேல் என்ன தப்பு.

தலைவலி. பாதாம் அரைக் கிலோ, கல்யாணத்துக்கு வெற்றிலை நான் வாங்கி வர வேண்டுமாம். எதற்கு ஆகிறேன் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள் அம்மா.

செப்டம்பர் 3, புதன்

மண்டபம். மாலை வரவேற்பு. எல்லாரும் என்னை "வாங்க வாங்க" என்றார்கள், எல்லாரும் "தனியாவா வந்தீங்க?" என்றார்கள். சாம்பாரில் உப்பு தூக்கல்.

போட்டோவுக்கு மெட்ராஸிலிருந்து நாலு பேர், பெண் வீட்டு ஏற்பாடு. கழுத்தில் நான் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அதே பெரியது. ஆளுக்கு இரண்டு. அவர்களில் தலைவர் நானும் தொழில்காரி என்று யாரோ சொல்லக் கேட்டுப் பக்கத்தில் வந்தார். "அக்கா, முகூர்த்தம் ஆறு மணிக்கு மேலதானே? அதுக்கு முன்னாடி மாப்பிள்ளை சைடுல ஏதாவது இருக்கா? இல்லைன்னா டீம் மொத்தத்தையும் பொண்ணு ரூமுக்கு அனுப்பிடுவேன். மேக்கப் ஷாட்ஸ்."

"பெருசா ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

இதை எழுதி வைக்கிறேன். பின்னால் மறந்துபோய்விட்டேன் என்று எனக்கே பொய் சொல்லக் கூடாது. மறக்கவில்லை. இணைச்சீர் என்று வாயில் வந்தது, விழுங்கினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மதியம். சத்தம் அடங்கிவிட்டது. பந்தி நடக்கிறது. பசியில்லை.

காலை ஐந்துக்கு முன்னால் கூப்பிட்டார்கள். அரக்குப் பட்டுதான் கட்டியிருந்தேன். அம்மா மேலும் கீழும் பார்த்தாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, சில்லென்று.

நிவேதா மேடைக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தாள். "ஏனுங்க்கா, என்மேல கோவமுங்களா? நான் வேண்டாம்னுதான் சொன்னேன்." நல்ல பெண். அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்திருக்கலாம். "இல்ல அம்மணி, போ, நேரமாச்சு" என்றேன்.

போட்டோக்காரர் ஒருவர்கூட இல்லை. பெரியப்பா கத்தினார், "ஏனப்பா, போட்டோக்காரங்க எங்கீப்பா?" யாரோ தேட ஓடினார்கள். அருமைக்காரர் காத்திருக்கவில்லை. நல்ல நேரம் போகிறதாம்.

கா. நிமிர்ந்து மண்டபம் முழுக்கத் தேடினான். என்னைத் தேடினானா, போட்டோக்காரர்களைத் தேடினானா, தெரியாது. கேமராவில் அவன் முகம் அவ்வளவு கிட்டத்தில். தாடை மழித்த இடத்தில் சின்ன வெட்டு. மீசைக்கு மேல் வியர்வை. ஆறு வயதில் இருந்த அதே மூஞ்சி. சேலை முனையைக் கக்கத்தில் செருகினார்கள்.

எடுத்தேன். அறுபது, எழுபது இருக்கும். எல்லாம் முழு ஜூமில். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முடிந்ததும்தான் அழுகை வந்தது. கைகழுவும் இடத்தில் போய் அழுதேன், அங்கேயும் ஒரு ஒரம்பரை வந்து "தனியாவா வந்தீங்க?" என்றார்.

தாலி கட்டும்போது நாலு பெரிய கேமராவும் மேடையில் நின்றன. நான் எடுக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மேகமூட்டம். கால் வலி. பாலை வெளியே வைத்துவிட்டேன், திரிந்துவிட்டது.

காலை அம்மா போன். மெட்ராஸ்காரர்களிடம் இணைச்சீர் ஒன்றுகூட இல்லையாம். யாருமே சொல்லவில்லை என்கிறார்களாம். "உன்றது மட்டுந்தான் இருக்குது கண்ணு. அனுப்பிப்போடு. நிவேதா மாமியாரு கேக்கறாங்க."

கம்ப்யூட்டரில் போட்டு அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எல்லாம் ரவைதான், ஆனால் கா. முகம் தெரிகிறது. அவன் தோள், கக்கம், அதிலிருந்து நீண்டு போகும் கூறைச்சேலை. சேலை படத்தின் ஓரம் வரை போகிறது. அதற்கு மேல் இல்லை. அறுபத்தெட்டுப் படம், ஒன்றில்கூட மறுமுனை இல்லை. பிடித்திருக்கும் கையும் இல்லை. எடுக்கும்போது வேண்டுமென்று செய்தேனா? ஜூமைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் நிவேதா வந்திருப்பாள். விரல் அந்தப் பித்தான் மேலேயேதான் இருந்தது.

அப்படியே அனுப்பினேன்.

அரை மணி கழித்து கா. போன். புதுமாப்பிள்ளைக் குரல்.

"அக்கா, எல்லாம் பாத்தேன். ஒண்ணுல கூட நிவேதா இல்லியேக்கா?"

"எட்டலடா."

"இதுக்குத்தானே அந்தப் பெருச வாங்கிக்கன்னு சொன்னேன். அதுன்னா எட்டியிருக்குமல்ல?"

"அது இன்னும் எட்டாதுடா. அதுல எடுக்கணும்னா மேடைல, பக்கத்துல வந்து நிக்கணும்."

பின்னால் அம்மா, "என்னவாமா? என்ன சொல்றா?" என்றாள்.

போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சொன்னான். எனக்குக் கேட்டது.

"கேமரா சின்னதுங்களாமா."