நாற்பது நாள் முகம்

அடுப்புக்காரிக்கு,

ராத்திரி வேலை முடிந்து அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் பதினோரு மணிக்கு வருவார். தோல் டாக்டர் கொடுத்த களிம்பு மேசைமேல் இருக்கிறது. முகச் சிவப்பு போக நாற்பது நாளாகத் தண்ணீர் குடிக்கிறோமே என்று அதை விட்டுவிடாதே, பேக்கரியில் ரொட்டி அடுப்பின் சூடு உன் கன்னத்தைச் சும்மா விடாது.

நேற்று, "தண்ணி குடிச்சே செவப்பு போயிடும்னா, நான் மருந்துக்கடையை மூடிட்டு தண்ணி லாரி ஓட்டுறேன்" என்றேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய்.

காலையில் தண்ணீர் குடிக்கச் சொல்லி உன் போன் அடித்தது. அணைக்கப் போன இடத்தில் படங்களைப் பார்த்துவிட்டேன். தினம் ஒன்றாக நாற்பது படம், எல்லாம் உன் முகம். சிவப்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது. தண்ணீராலா களிம்பாலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணப் படத்திலேயே கன்னத்தைக் கையால் மறைத்தவள் நீ. கடைசிப் படத்தில் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாய். அப்படியே நின்றுவிட்டேன். பஸ்ஸும் போய்விட்டது.

சாவி ஜன்னலோரம்.

இன்னொன்று: நேற்றுப் பேசியது தப்பு. கேட்காமல் பார்த்ததும் தப்பு. நாளைய படத்தில் நானும் பக்கத்தில் நிற்கட்டுமா?