துகளுக்கு ஏற்றிய விளக்கு

16 ஆகஸ்ட் 1991, வெள்ளி

எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டு, இதுவரை யாரும் காணாத சூப்பர்சிமெட்ரித் துகளைத் தேடுகிறார் என் கணவர். அது கிடைத்தால் ஊர் திரும்பிவிடுவார் என்று நம்பி, சனிக்கிழமைதோறும் பெருமாளுக்கு நெய்விளக்கு ஏற்றுகிறேன்.

இன்று ஜெனிவா ஆய்வுக்கூடத்திலிருந்து எங்கள் ஊர் படப்பையின் டெலிபோன் பூத்துக்குப் பேசினார்.

“இன்னும் கெடைக்கல, வசந்தி. சக்தியைக் கூட்டி மோதவிட்டுப் பார்க்கணும். வருஷக்கணக்காகும்.”

“கெடச்சிட்டா வந்துடுவீங்கல்ல?”

சிரித்தார். “கெடச்சா எப்படி வர்றது? அப்பதானே வேலையே ஆரம்பம்!”

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

பூத்துக்கார அக்கா கேட்டாள்: “இன்னாம்மா, எப்ப வராராம்?”

“லைன் சரியில்லக்கா” என்றேன்.

விடிந்தால் சனிக்கிழமை. நெய் வாங்கி வைத்தாயிற்று. விளக்கை ஏற்றிவிட்டு, கிடைக்கணும் என்று வேண்டுவதா, கிடைக்கவே கூடாது என்றா?