புடவைப் பெட்டியில் மேட்ரிக்ஸ்

9-6-80, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. காலேஜ் திறக்க இன்னும் ஒரு வாரம். நான்கு வருடமாக எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம்களின் துளை அட்டைகளைக் கூடத்தில் கொட்டினேன். கணக்குக்கு ஒன்றாகப் பதினாறு குட்டி புரோகிராம் (சப்ரூட்டீன்), ஆளுக்கொரு ரப்பர் பேண்ட். வீட்டுக்காரர் கடையிலிருந்து காலிப் புடவைப் பெட்டி மூன்று.

பெட்டி 1: மேட்ரிக்ஸ் கூட்டல், பெருக்கல்
பெட்டி 2: சமன்பாடு தீர்ப்பது, இன்வர்ஸ்
பெட்டி 3: ஐகன் மதிப்பு

டிடர்மினன்ட் எதில்? 1-ல் வைத்தேன். 2-க்கு மாற்றினேன். திரும்ப 1. கடைசியில் 2.

அவர்: "காலைலேர்ந்து அடுக்கிகினே கீற. வூட்ல சமையல் உண்டா இன்னிக்கு?" உப்புமா.

வேலூர் கம்ப்யூட்டர் சென்டர் ஹெட் போட்ட நிபந்தனை: வெளியாள் ஒருவர் என் குறிப்பை மட்டும் படித்து, என்னைக் கூப்பிடாமல் ஓட்ட வேண்டும். ஓட்டினால் பெட்டிகள் அங்கே அலமாரியில், எல்லோருக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்கு. வீட்டுக்கு வரவே கூடாது.

11-6-80, புதன்
7.10 பஸ். கண்டக்டர்: "முகூர்த்தப் புடவைங்களாம்மா? மேல வெக்காதீங்க, கசங்கிடும்." எனக்காக ஒருவரை எழுப்பி இடம் கொடுத்தார். நான் மறுக்கவில்லை!

சோதிக்க வந்தவர் சிவில் துறை சார். பாலக் கணக்கு, எட்டு சமன்பாடு. விடை வந்தது. சரிபார்க்க அதே மேட்ரிக்ஸை விடையோடு பெருக்கினார். குப்பை. என்னைக் கூப்பிட்டார். "இன்னாங்க மேடம், எதுவுமே ஒத்து வரல. பேக்கேஜே தப்புங்க."

விடை சரிதான். ஆனால் மெமரியில் இடத்தை மிச்சம் பிடிக்க, சார் கொடுத்த மேட்ரிக்ஸின் மேலேயே கணக்குப் போட்டு அதை அழித்துவிடுகிறது என் சப்ரூட்டீன். நான் எப்போதும் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்வேன். பழக்கம். குறிப்பில் எழுதத் தோன்றவே இல்லை. மண்டு.

ஹெட் நல்லவர். "சனிக்கிழமை இன்னொரு தபா பாத்துடலாங்க."

பொழுது சாய்ந்தால் எங்கள் ஜைன வீட்டில் சாப்பாடு கிடையாது. கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம் புளிப்பு. கோபமெல்லாம் ஊறுகாய் மேல்.

12-6-80, வியாழன்
மேகம். சமன்பாட்டுச் சப்ரூட்டீனை இரண்டாக்கினேன். ஒன்று தானே நகல் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று பெரிய மேட்ரிக்ஸுக்கு, அது அழிக்கும். குறிப்பை அவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார். "குடுத்த பொருளு முழுசா திரும்புமா, திரும்பாதா? அத்த மொதல்ல எழுது." வியாபாரி புத்தி! முதல் வரியிலேயே, சிவப்பு மையில். இப்போது பதினேழாகிவிட்ட எல்லாவற்றுக்கும்.

நாளை வேலூர், புது அட்டை பஞ்ச் செய்ய. வாங்க: சிவப்பு ரீஃபில், நல்ல ஊறுகாய்.

14-6-80, சனி
தூறல். சிவில் சார் பத்தரைக்கு வந்தார். நான் பக்கத்து அறையில். அட்டை ஓடும் சத்தம். பதினொன்று, கூப்பிடவில்லை. பிரிண்டர் சத்தம். பன்னிரண்டு. இரண்டு தரம் எழுந்து இரண்டு தரம் உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு எட்டிப் பார்த்தால் ஹெட் மட்டும், அலமாரியில் என் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு. சார் எங்கே என்றேன்.

"அவரு அப்பவே முடிச்சிகினு பூட்டாரே. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. நான் ஒருத்தி இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை அந்த மனுஷனுக்கு. என்ன சந்தோஷம்! வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.