வியாழனுக்குக் கொடுக்காத ஒரு மணி நேரம்

நிட்டிங் மெஷின்களை எல்லாம் லாரியில் ஏற்றி முடித்த பிறகு, பழைய இரும்பு வாங்க வந்தவர் மொட்டைமாடியைக் காட்டினார். "அந்தச் செம்புக் கம்பியையும் குடுத்துருங்க. சும்மாதானுங்க கெடக்குது."

இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே நீங்கள் இழுத்துக் கட்டிய கம்பி. பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. "அது மட்டும் குடுக்கறதுக்கு இல்லீங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

பெருமாநல்லூர் ரோட்டில் எல்லாப் பனியன் கம்பெனியும் ராப்பகலாக ஓடிய காலத்தில், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து எலக்ட்ரீஷியனாக என்னிடம் வந்தீர்கள். உங்களுக்கும் என் வயதுதான், ஆனாலும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவீர்கள். இந்தக் கம்பியைக் கட்டிய அன்று, "ஏனுங்க, துணி காயப்போடவா?" என்று கிண்டல் செய்தேன்.

"இல்ல அண்ணாச்சி. வியாழன் கோள்ல இருந்து வார சத்தத்தக் கேக்கதுக்கு."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்தக் கோளை அயோ என்று ஒரு நிலா சுற்றுகிறது, அது தோதான இடத்துக்கு வரும்போது அங்கிருந்து கிளம்பும் ரேடியோ அலையை இங்கே சிற்றலையில் பிடிக்கலாம் என்றீர்கள். அதற்கென்று நீங்களே ஒரு ரேடியோ செய்திருந்தீர்கள். எந்த நாள், எந்த நேரம் என்ற அட்டவணையை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தீர்கள்.

"அது மேகத்துக்கு அடியில எம்புட்டு வேகமாச் சுத்துதுன்னு இந்தச் சத்தத்த வச்சுத்தான் கண்டுபிடிச்சாவ அண்ணாச்சி. கேட்டா எங்க ஊர்க் கடல் கரையில வந்து விழுகாப்லயே இருக்குமாம்."

குறுக்கே நின்றது என் மெஷின்கள்தான். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் உங்கள் ரேடியோவில் இரைந்தது. அந்த இரைச்சலை வைத்தே நாலாம் மெஷினில் கோளாறு என்று முன்கூட்டிச் சொன்னீர்கள். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. அந்த லாபத்தை மட்டும் நான் சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மெஷின்கள் நின்றபோது வியாழன் சூரியன் பக்கம் போய்விட்டது, இப்போது கேட்காது என்றீர்கள். பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள். பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கி ஆபீஸுக்குள் வந்தீர்கள்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை வெடியக்காலம் அஞ்சு மணில இருந்து ஆறு வரைக்கும் மெஷின எல்லாம் நிப்பாட்டித் தருவியளா? ஒரேயொரு மணி நேரம்."

"ஷிப்மெண்ட் கழுத்தப் புடிக்குதுங்களே. எப்படிங்க நிறுத்தறது?"

"பரவால்ல அண்ணாச்சி."

அந்த வெள்ளிக்கிழமையும் நீங்கள் மாடியேறினீர்கள். ஆறு மணிக்கு ரேடியோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்து, "மெஷின்தான் கேட்டுச்சு. அடுத்த மாசம் இன்னொரு நாள் வருது" என்றீர்கள். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம் நீங்கள்.

அடுத்த மாதத்துக்குள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. அடக்கத்துக்கு உங்கள் ஊருக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் கடல். ஜெபம் நடக்கும்போது, அலை விழுந்து, இழுத்து, மறுபடி விழுந்தது. இதைத்தானே சொன்னீர்கள் என்று நினைத்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உங்கள் வீட்டம்மா அந்த ரேடியோவையும் அட்டவணையையும் என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கூசியது.

நீங்கள் சொன்ன அந்த அடுத்த மாத நாளில், அட்டவணையில் இருந்த நேரத்துக்கு, எல்லா மெஷினையும் நிறுத்தினேன். ஷிப்டில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உஸ்ஸென்ற சத்தத்துக்கு நடுவே ஏதோ எழுந்து விழுந்த மாதிரி இருந்தது. அதுதானா, என் ஆசையா? கேட்டுச் சொல்ல நீங்கள் இல்லை.

இன்று ஷெட் காலி. விடியற்காலை மட்டுமல்ல, நாள் முழுக்கச் சத்தமில்லை. அன்று நிறுத்த மாட்டேன் என்று ஓட்டினேனே, அந்தத் துணி எந்தப் பார்ட்டிக்குப் போனது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ரேடியோவை இடுக்கிக்கொண்டு நீங்கள் படியிறங்கி வந்தது மட்டும் நினைவிருக்கிறது.