எச்சில் கை காய உட்கார்ந்த சம்பந்தியம்மா

14-7-96, ஞாயிறு இரவு

இன்று மதியம் மண்டி மொஹல்லாவில் மருமகளின் அம்மா வீட்டில் விருந்து. எனக்குச் சர்க்கரை இருப்பதால் சோறு இல்லை, ராகி முத்தேயும் கீரைச் சாறும். அந்தக் களி உருண்டை எனக்கு என்றுமே பிடித்ததில்லை. மகன் கல்யாணமான புதிதில் நான் அதை மென்றதைப் பார்த்து, "முத்தேயை யாராவது மெல்லுவாங்களா? முழுங்குங்க சம்பந்தியம்மா" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவள் அவள். மறப்பேனா?

இன்றும் அதையே சொன்னாள். "டாக்டர் நல்லா மென்னு சாப்பிடச் சொல்லியிருக்காருங்க" என்றேன். கிள்ளிக் கிள்ளிச் சாற்றில் தோய்த்து, நிதானமாக மென்றேன். மென்றுகொண்டே இருந்தால் அடியில் லேசாக ஓர் இனிப்பு வருகிறது, பொய் சொல்லக் கூடாது.

மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டார்கள். ஆனால் பந்தியில் கடைசி ஆள் முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு முறை. சம்பந்தியம்மா எச்சில் கை காயக் காய உட்கார்ந்திருந்தாள்.

"ஆயித்தா, சம்பந்தியம்மா? முடிஞ்சுதா?" என்றாள்.

"இன்னும் ஒரு அரை உருண்டை வைக்கச் சொல்லுங்க."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அரையையும் மென்றேதான் முடித்தேன். வயிறு இன்னும் கனமாக இருக்கிறது. இருக்கட்டும்.