வெள்ளிமலைக்கு ஒரு பெரிய பல்சக்கரம்

ஜனவரி 5, திங்கள்

விடியுமுன் எழுந்து மார்கழிக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், மலர்விழி கூடத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தம்பி சின்னராசுவின் மகள். அவள் அம்மா போனதிலிருந்து நான்தான் இந்த வீட்டில் சோறு வடிக்கிறேன், ஆக பாதி எனக்கும் மகள். பேங்க்கில் வேலை. முப்பது வயசாகிறது. முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளிலேயே வெள்ளிமலை ஏறிப் போய்விட்டு வந்து, வழியில் பார்த்த குரங்கு வரைக்கும் கதை சொல்லுவாள். போன வருஷம் முட்டியில் ஆபரேஷன் ஆனது. அதோடு பேச்சும் நின்றது. சைக்கிள் ஓட்டலாம், முட்டியை அழுத்தி மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று ஆசையாக மலைக்குப் போனவள் பாதியில் வலி தாங்காமல் ஜீப்பில் வந்து இறங்கினாள்.

"இன்னாடி பாத்துக்கினு இருக்க?"

"கியர மாத்தப் போறேன் அத்தை. மலைக்கு லேசான கியரா போட்டுப் பாக்கறேன். அதுக்கும் வலிச்சா வித்துடறேன். சேலத்துல ஒருத்தர் கேட்டுக்கினு இருக்காரு."

விற்கிறேன் என்று சொல்லும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தாலாவது திட்டியிருப்பேன்.

ஜனவரி 7, புதன்

கியர் என்றால் என்ன என்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். பின்சக்கரத்தில் பல்சக்கரங்களை அடுக்கி வைத்திருக்கிறது. பெரிய சக்கரத்தில் செயின் ஓடினால் மிதிக்க லேசு, ஆனால் கால் நிறையத் தடவை சுற்றணும், வண்டியும் மெதுவாகத்தான் போகும். ஒரு மூட்டை நெல்லை ஒரே தூக்காகத் தூக்காமல் கூடை கூடையாகச் சுமக்கிற மாதிரி என்று நான் சொன்னேன். "அதேதான் அத்தை" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சின்னராசு மட்டும், "சைக்கிளு வாங்குன காசுக்கு ஸ்கூட்டி வாங்கியிருந்தா முட்டியும் தப்பிச்சிருக்கும், நானும் சந்தைக்குப் போயி வந்துக்கினு இருப்பேன்" என்றான். பெற்ற அப்பன் பேச்சு.

ஜனவரி 8, வியாழன்

ராத்திரி முழுக்க ஒரே யோசனை. ஆபரேஷன் அன்றைக்கு வெள்ளிமலை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்: இவள் தன் காலால் மிதித்தே உன் வாசலுக்கு வருவாள், பொங்கல் வைக்கிறேன் என்று. இப்போது லேசான கியர் போட்டால் அது அம்மனை ஏமாற்றுவது ஆகாதா? தெருக்கோயில் பூசாரி பூமாலையிடம் கேட்டேன்.

"யக்கா, கச்சிராயபாளையத்துல இருந்து மேல போற பஸ்ஸு எந்த கியர்ல ஏறுது?"

"எனக்கு இன்னாய்யா தெரியும்."

"மொத கியர்ல. மொனகிக்கினே ஏறுது. அதுல வர்ற சனத்த ஆத்தா திருப்பியா அனுப்புது? போ, போயி வேலயப் பாரு. உனக்கு பக்தியவுட கவலதான் ஜாஸ்தி."

பஸ்ஸில் யாரும் மிதிப்பதில்லையே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. திரும்பப் போய்க் கேட்கவில்லை.

ஜனவரி 10, சனி

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தது. பழைய பல்சக்கரம் குங்குமத் தட்டு என்றால் இது தாம்பாளம். சாமி முன் வைத்துப் பொட்டு வைத்தேன். "அத்தை, பல்லுக்கு நடுவுல குங்குமம் வெக்காத" என்று ஓடிவந்து துணியால் துடைத்தாள். துடைத்தால் துடைக்கட்டும், வைத்தது வைத்ததுதான்.

ஜனவரி 12, திங்கள்

மாயவன் சைக்கிள் கடையில் மாட்டியாயிற்று. பல்சக்கரம் மட்டும் மாற்றினால் போதாதாம். செயினும் நீளமாக வேண்டும், செயினைத் தள்ளிவிடுகிற கியர் கையும் பெரிதாக வேண்டும். "பெரிய எடத்துல பொண்ணு குடுத்தா சீரும் பெருசா செய்யணும் இல்ல யக்கா" என்கிறான். தூக்கி நிறுத்திச் சுற்றிக் காட்டினான். செயின் ஒவ்வொரு படியாக ஏறிக் கடைசிப் பெரிய சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. பார்க்கவே அழகு.

புது சாமானுக்குத் திருஷ்டி கழிக்காமல் விடலாமா? அவள் குளிக்கப் போன நேரம் கறுப்புக் கயிறு கட்டினேன். முன்னால் கட்டினால் கண்ணில் பட்டு அவிழ்த்துவிடுவாள் என்று பின்னால், அந்தப் புதுக் கையிலேயே, அவிழாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கடை எல்லாம் மூடல். மலர் இரண்டு தரம் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறாளாம்.

ஜனவரி 18, ஞாயிறு

ஒன்றும் சரியில்லை. கியர் பெரிய சக்கரத்துக்கு ஏறவே மாட்டேன் என்கிறதாம். சரி, இருக்கிறதை வைத்து மிதிக்கலாம் என்று அடிவாரத்தில் அழுத்தியிருக்கிறாள் — முட்டி பிடித்துக்கொண்டது. பால் வண்டியில் ஏறி வந்து சேர்ந்தாள். சாப்பிடவில்லை. அந்த சேலத்துக்காரருக்குப் போன் போட்டு, "அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றாள். சின்னராசுகூட ஸ்கூட்டி என்று வாயைத் திறக்கவில்லை.

நான் இன்னா பண்ணுவேன்? இந்தப் பொண்ணு யாருக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சு? கேட்டது இன்னா, நகையா நட்டா? ஒரு மலை ஏறணும்னு கேட்டுச்சு. அந்த மாயவன் இன்னா மாட்டித் தொலைச்சானோ. நாளைக்குக் காலையில் அவனை விடப்போவதில்லை.

ஜனவரி 19, திங்கள்

விடவில்லைதான். மலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் முன்னால் போய்க் கடைத் தெருவே கேட்கும்படி பிடித்துக்கொண்டேன். வேலை தெரியுமா, காசு வாங்கத்தான் தெரியுமா என்று எல்லாம் கேட்டுவிட்டேன். மாயவன் குனிந்து பின்சக்கரத்துப் பக்கம் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"யக்கா, இந்தக் கயிறு யாரு கட்டுனது?"

நான் கட்டினதுதான். கறுப்புச் சாமான்மேல் கறுப்புக் கயிறு, மலர் கண்ணுக்குக்கூடப் படவில்லை. நகருகிற கையை நகர முடியாமல் கட்டியிருக்கிறேனாம். அவன் பிளேடால் ஒரு இழுப்பு இழுத்தான். செயின் ஏறிப் பெரிய சக்கரத்தில் உட்கார்ந்தது.

"நல்ல வேள, எங் கையில கட்டாம வுட்டீங்க" என்றான்.

மலர் என்னைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். சேலத்துக்காரருக்கு உடனே போன் போட்டு இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாயவனுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பேங்க்குக்குப் போகுமுன் சைக்கிளை முழுக்கத் தடவிப் பார்த்தாள், எலுமிச்சம்பழம் எங்கேயாவது சொருகியிருக்கிறேனா என்று.

ஜனவரி 25, ஞாயிறு

அவள் இருட்டோடு கிளம்பினாள். நானும் சின்னராசுவும் பஸ்ஸில் போனோம். வேறு வழியாகவா போக முடியும், அதே மலைப்பாதைதான். வழியில் அவளைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். முகத்தில் வலி தெரிந்தால் என்னால் தாங்க முடியாது.

வெள்ளிமலை கோயில் வாசலில் காத்திருந்தோம். எத்தனை ஜீப் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சின்னராசு எழுந்து எட்டிப் பார்த்தான், மேலே சைக்கிள் கட்டியிருக்கிறதா என்று. இல்லை, இல்லை, இல்லை.

அப்புறம் வளைவில் பேச்சுக் குரல் கேட்டது. புல்லுக்கட்டு சுமந்த மலைக்காரம்மா ஒருத்தி நடந்து வருகிறாள், பக்கத்திலேயே மலர் காலைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வருகிறாள். "அந்தக் கொழம்புக்குப் புளி ஊத்துவீங்களா, ஊத்த மாட்டீங்களா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டு வருகிறாள். மலை ஏறுகிறவளுக்குக் குழம்பு விசாரிக்க மூச்சு இருக்கிறது. மாரியாத்தா, எனக்கு அது போதும்.

"நடக்கறவங்க கூடவே வர்றதுக்கு எதுக்கு சைக்கிளு?" என்று சொல்லிவிட்டு சின்னராசு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

"வலிக்குதாடி?"

"இல்ல அத்தை. அழுத்தவே வேணாம், சுத்திக்கினே இருந்தா அதுவா ஏறுது. பசிக்குது, பொங்கல் ஆச்சா?"

இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

ஜனவரி 26, திங்கள்

லீவு நாள், அசந்து தூங்கட்டும் என்று எழுப்பவில்லை. முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கலாம் என்று வெந்நீர் காய வைத்து எடுத்துப் போனேன். பாய் சுருட்டியிருக்கிறது. சைக்கிள் இல்லை.

அந்த வெந்நீரில் என் முட்டிக்குத்தான் ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன். நேற்று கோயில் படி ஏறினது.