இலையில் ஒதுக்கிய மீன்

கல்லூரி ஆய்வகத்தில் இன்று ஒரு மாணவி ஃபார்மலினைக் கொட்டிவிட்டாள். கண் எரிந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது, எரிச்சல் இன்னும் கூடியது. செஞ்சி கடைத்தெருவில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். "இரங்கல் கூட்டத்துல நாலு வார்த்தை நல்லதா பேசுண்ணா" என்று உன் தம்பி கேட்டான். முடியாது என்றேன். பேசினால் இதைத்தான் பேசுவேன்.

ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே ஆய்வகம் நமக்கு. கடல் கெட்டிருப்பதை மீனின் செவுள் முதலில் காட்டிவிடும் என்று, ஆலைக் கழிவு கலக்கும் முகத்துவாரத்துக்குப் படகில் சேர்ந்தே போனோம். மடவை மீன் துடிக்கும்போதே செவுளை வெட்டி ஃபார்மலினில் போட வேண்டும். தாமதித்தால் தானாக அழுகி, நோயா அழுகலா என்றே தெரியாமல் போய்விடும். நான் வெட்டினேன், பாட்டிலைப் பிடித்தவன் நீ. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "டேய், செவுளு வெந்து போயிருக்குதுடா" என்றவனும் நீதான்.

பிறகு அதே ஆலைக்கு ஆலோசகனாகப் போனாய். ஆலைக் கழிவு பற்றி மீனவர் குப்பத்தில் விசாரணை நடந்த அன்று, நான் செவுள் முடிவுகளைச் சொன்னதும், அத்தனை பேர் முன்னால் எழுந்து என்னைக் காட்டி, "இது நஞ்சு இல்ல. இவர் மீன வெயில்ல போட்டுட்டு அப்புறமா வெட்டியிருக்காரு. வெறும் அழுகல். மீன தாராளமா சாப்பிடலாம்" என்றாய். வெட்கங்கெட்டவனே! நான் தொண்டை கிழியக் கத்தினேன். அதிகாரிகள் உன்னைத்தான் நம்பினார்கள்.

மதியம் குப்பத்தார் சாப்பாடு போட்டார்கள். "நல்ல மீனுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, சாப்புடுங்க சார்" என்று ஓர் அம்மா உன் இலையில் இரண்டு துண்டு வைத்தாள். நீ ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இன்னைக்கு அமாவாசைம்மா, கவுச்சி தொடமாட்டேன்" என்றாய்.

அமாவாசை என்றால் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமிருக்காது. அன்று காலை நான் காலி பஸ்ஸில் வந்திருந்தேன். என்னை விடு, நிலா பார்த்துக் கடலுக்குப் போகிறவர்களிடமா இந்தப் பொய்?

"இன்னா சார், ராத்திரி நெலா பளிச்சுனு இருந்துச்சே?" என்றாள் அவள். நீ மோர் கேட்டாய். அவள் உன் இலையையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளின் தட்டை வெடுக்கென்று இழுத்து, மீனைக் கீழே தள்ளினாள். என் பக்கம் திரும்பி, "அப்ப இத யாருக்கு சார் விக்கிறது?" என்றாள்.

இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிகிறேன். பதில் சொல்ல வேண்டியவன் நீ. செத்துத் தப்பித்துவிட்டாய்.